நாற்பத்தோராம் எண் லேசர்

தெய்வானையின் நோட்டில் மொத்தம் அறுபத்து மூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு கைலேசரின் எண், அதை வைத்திருப்பவர் பெயர், எந்த ஷெட், எந்தத் தேதி. கடைசிக் கட்டத்தில் 'கண்பூட்டு எடுத்தது' என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள். தப்புக் காரியம் செய்கிறவர்கள் அதை எழுதி வைப்பதில்லை. தெய்வானைக்கோ எழுதாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வராது.

கருங்கல்மேட்டில் சாலையின் இரண்டு பக்கமும் லாரி பாடி கட்டும் ஷெட்டுகள். முன்பெல்லாம் பழைய லாரியின் துருவை எடுக்க நாலு ஆள் மூன்று நாள் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார்கள். இருமி இருமிச் சாயங்காலம் சிவப்பாகத் துப்பினார்கள். கைலேசர் வந்த பிறகு ஒரே ஆள், அரை நாள். டார்ச் லைட் அளவுதான் இருக்கும், இடுப்பில் செருகிக்கொள்ளலாம். அதிலிருந்து வரும் ஒளி கண்ணுக்கே தெரியாது. பொத்தானை அழுத்தினால் துரு மட்டும் பொரிந்து புகையாகப் போகும்; அடியில் அன்றைக்குத்தான் பிறந்தது போல இரும்பு பளபளக்கும். முதல் தடவை அதைப் பிடித்துப் பார்த்த நாளில் தெய்வானை மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள். தன் ரிப்பேர் கடையில் துருப் பிடித்ததெல்லாம் தீர்ந்துபோய், பக்கத்து வீட்டுக் கேட்டைத் தேடிப் போனாள்.

அவள் மட்டுமில்லை. வேலைக்கென்று வாங்கியவர்கள் வேலை முடிந்தும் அதைக் கீழே வைக்கவில்லை. தென்னை மட்டையை நின்ற இடத்திலிருந்தே அறுத்தார்கள். குளவிக் கூட்டைச் சுட்டார்கள். பாறையில் பேர் எழுதினார்கள். வெறும் கையோடு டீக்கடைக்கு வந்தவனைப் பார்த்து, "என்னடா, லேசர் இல்லாம வந்துட்ட, மேலுக்கு முடியலையா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு லேசரின் மூக்கிலும் மிளகு அளவில் ஒரு கேமரா இருக்க வேண்டும் என்று விதி போட்டது. எதிரே ஒரு ஜோடிக் கண் தெரிந்தால் லேசர் பூட்டிக்கொள்ளும். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். அந்தக் கண் விலகும்வரை என்ன அழுத்தினாலும் சுடாது. அதற்குப் பெயர் கண்பூட்டு. மனிதக் கண், மாட்டுக் கண், நாய்க் கண் எல்லாம் அதற்கு ஒன்றுதான். வரைந்த கண்ணும் நிஜக் கண்ணும்கூட ஒன்றுதான். அதைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, லாரிக்கு முகம் இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கருங்கல்மேட்டு லாரிகள் எல்லாவற்றிலும் முன்பக்கம் ஒரு திருஷ்டி பூதம் உண்டு. தட்டு அளவுக்குப் பிதுங்கிய இரண்டு கண், கோரைப் பல், தொங்கும் சிவப்பு நாக்கு. லேசரை எடுத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் போனால் பூதம் பார்க்கும். உடனே லேசர் பூட்டிக்கொள்ளும்.

"மேல ஒரு துண்டப் போட்டு மூடிட்டு வேலை செய்ங்க," என்று தெய்வானை முதலில் சொல்லிப் பார்த்தாள்.

ஷெட்டுக்காரர்கள் சங்கத் தலைவர் துரைசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காவலுக்கு நிக்கறவரு கண்ணக் கட்டறதா? நாளைக்கு வண்டி ரோட்டுல என்னமாச்சும் ஆச்சுன்னா ஓனருக்கு நீ பதில் சொல்லுவயா அம்மணி?"

பூதத்தின் கண்ணைக் கட்ட ஊரில் ஒருவரும் துணியவில்லை. லேசரின் கண்ணைக் கட்ட எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள். லேசர் ரிப்பேர் செய்வது தெய்வானையின் தொழில். மயிர் போன்ற ஒரே ஒரு ஒயர். அதை வெட்டினாள், நோட்டில் எழுதினாள். அப்படித்தான் அறுபத்து மூன்று.

அவளுடைய தம்பி அர்த்தநாரி லாரிக்கு முகம் வரைகிறவன். ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம் நாலாவது ஷெட்டில் ஒரு பூதத்துக்கு நாக்கு வரைந்துகொண்டிருந்தான். லேசர் நடக்கும் இடத்தில் எல்லோரும் போட வேண்டிய பச்சைக் கண்ணாடியை அவன் போட்டிருக்கவில்லை. போட்டால் சிவப்பு கறுப்பாகத் தெரியும். நாக்கை எப்படி வரைவது? பக்கத்து லாரியில் செங்கோடன் துரு எடுத்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே வயது, ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுகிறவர்கள். இரண்டு லாரிக்கும் நடுவில் யாரோ ஒரு எவர்சில்வர் தகட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். செங்கோடனின் கை ஒரு சாண் விலகியது, ஒளி தகட்டில் பட்டு அர்த்தநாரியின் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான்.

சேலத்தில் கண் டாக்டரம்மா அர்த்தநாரியின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வலிச்சுதா?"

"இல்லீங்க. கண்ணுக்குள்ள கடுகு பொரிஞ்சாப்ல ஒரு சத்தம். அவ்வளவுதான்."

"வெயில்ல பூதக்கண்ணாடியப் புடிச்சுக் காகிதத்த எரிச்சிருக்கீங்களா? நம்ம கண்ணுக்குள்ளயும் அப்படி ஒரு கண்ணாடி இருக்கு. வர்ற வெளிச்சத்தை எல்லாம் ஒரே புள்ளியில குவிக்கும். அந்தப் புள்ளியிலதான் நாம எழுத்தப் படிக்கறோம், ஆளு முகம் பாக்கறோம். ரெண்டு கண்ணுலயும் அந்தப் புள்ளி எரிஞ்சுபோச்சு. சுத்தி இருக்கறது நல்லா இருக்கு."

"திரும்ப வருங்களா டாக்டர்?" என்றாள் தெய்வானை.

அவர் பேனாவை மூடினார். "வராதும்மா."

திரும்பும் பஸ்ஸில் அர்த்தநாரி வெகு நேரம் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே வந்தான். பிறகு சொன்னான்: "அக்கா, உன்னைய நேராப் பாத்தா மூஞ்சி இருக்கற எடத்துல சாம்பல் பூசுனாப்ல இருக்குது. ஜன்னலப் பாத்தா நீ ஓரத்துல தெரியற. தோடுகூடத் தெரியுது. இனிமே நான் உன்னையப் பாக்கோணும்னா வேற எங்கயாச்சும்தான் பாக்கோணும்."

வீட்டுக்கு வந்ததும் தெய்வானை நோட்டைத் திறந்தாள். வரி நாற்பத்தொன்று: செங்கோடன், நாலாவது ஷெட். கண்பூட்டு எடுத்தது. எழுத்து அழகாகவே இருந்தது.

மறுநாள் ஷெட்டுகளில் எல்லோரும் செங்கோடனைப் பிடித்துக்கொண்டார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் கண்ணையே அவித்துவிட்டான் என்றார்கள். "அவன் மேல தப்பில்லீங்க, பூட்ட வெட்டுனது நானு," என்று தெய்வானை ஷெட் ஷெட்டாகப் போய்ச் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மேல் தப்பு என்றால் வெட்டச் சொன்னவர்கள் மேலும் தப்பு. செங்கோடன் என்றால் ஒரு ஆளோடு போயிற்று. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் நாற்பத்தோராம் எண்ணை இடுப்பில் செருகிக்கொண்டு, ரெண்டு மைல் தள்ளி இருந்த கல் கிரஷருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அறுபத்து மூன்று பூட்டையும் மறுபடி போட்டுவிட வேண்டும், இன்னொரு கண் போவதற்குள் போட்டுவிட வேண்டும். தெய்வானைக்கு வேறு நினைப்பே இல்லை. சங்கத்தில் பேசினாள். துரைசாமி, "பொறவு பூதத்த என்ன பண்றது?" என்றார். பேச்சு அங்கேயே வந்து நின்றது.

வழி சொன்னவன் அர்த்தநாரி. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "கண்ணக் கட்டுனாத்தானே அக்கா தப்பு? தூங்குனாத் தப்பா?"

தகரத்தை வளைத்து இமை செய்தான். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைப் பின்னால் ஒட்டினான். நேராகப் பார்த்து வரைய முடியாதவன், பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே அந்த இமைகளுக்கு ஒவ்வொன்றாக இமைமயிர் வரைந்தான். இரண்டு இமைக்கும் சேர்த்து ஒரு கயிறு. வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரே இழுப்பில் இரண்டும் கழன்று வந்துவிடும்.

துரைசாமியின் ஷெட்டில் நின்ற லாரிக்கு அதைப் பொருத்திக் காட்டினார்கள். நாக்கைத் தொங்கப் போட்டபடி பூதம் அசந்து தூங்கியது. துரைசாமி இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஷெட்டுக்கு வந்துட்டா டிரைவரும் தூங்கறான், கிளீனரும் தூங்கறான்," என்றாள் தெய்வானை. "இவரு மட்டும் எதுக்குங்ண்ணா முழிச்சிருக்கோணும்?"

"அதுஞ்செரி," என்றார் துரைசாமி. கொஞ்ச நேரம் கழித்து, "கொறட்டை விடாம இருந்தாச் செரி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே முதல் லேசர் பூட்டுப் போட வந்தது.

இரண்டு மாதத்தில் அறுபத்திரண்டு வரிகளுக்கு எதிரே டிக் விழுந்தது. வேலையும் குறையவில்லை. நாற்பத்தோராம் வரி மட்டும் அப்படியே நின்றது. தெய்வானை இரண்டு தடவை கிரஷருக்கு நடந்தாள். அங்கே இருந்த லேசர்களில் பூட்டு அப்படியே இருந்தது. கல்லுக்கு முகம் கிடையாது, அதனால் அவர்களுக்குப் பூட்டை வெட்டும் தேவையே வரவில்லை. செங்கோடன் கல் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினான்.

"உங்க ஊரு என்னைய மனுசனாப் பாக்கல. இப்ப மிசினப் பாக்க வந்திருக்கறீங்களாக்கா?"

"அர்த்தநாரி உன்னைய ஒரு வார்த்த சொல்லலடா."

"ஒரு வார்த்த வந்து பேசவும் இல்லீங்களே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அர்த்தநாரி பிரஷைக் கழுவி வைத்தான். பிறகு வேறொன்று கேட்டான். "அக்கா, எல்லாரும் கண்ணாடி போட்டுக்கிட்டா பூட்டுக்குக் கண்ணு தெரியுமா?"

தெய்வானை யோசித்தாள். "தெரியாது. அந்தப் பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால கண்ணு இருக்கறது கேமராவுக்குத் தெரியாது. கண்ணுதான் பத்திரமா இருக்குதே, பரவாயில்லன்னு விட்டுட்டாங்க."

"அப்ப தோலு? அது எரியாதா?"

தெய்வானை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்தாள்.

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் பதினொன்று பதினொன்றாக இருபத்திரண்டு லாரிகள் பெயின்ட் வாசனையோடு சாலையைப் பார்த்து நின்றன. எல்லாப் பூதங்களும் இமை மூடித் தூங்கின. காலையில் கிரஷர் டிப்பர் ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது புதுசாகக் கட்டிய கேபினை நசுக்கிவிட்டது. ஷெட் ஆட்கள் டிரைவரைக் கீழே இழுத்து அடித்ததில் அவனுக்கு ஒரு பல் போயிற்று. அவன் செங்கோடனுக்குச் சித்தப்பா மகன்.

மூணு மணிக்கு கிரஷரிலிருந்து முப்பது பேர் நடந்து வந்தார்கள். ஓடி வந்திருந்தால்கூடத் தெய்வானைக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. எல்லோர் கண்ணிலும் பச்சைக் கண்ணாடி. எல்லோர் கையிலும் லேசர். வலது பக்க லாரிகளுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். இந்தப் பக்கம் ஷெட் ஆட்களும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லேசரை உருவிக்கொண்டு, இடது பக்க லாரிகளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். நடுவில் இருபதடித் தார் ரோடு.

"ஏப்பா, பேசித் தீத்துக்கலாமப்பா," என்று துரைசாமி கையைத் தூக்கினார்.

"பல்லு பேசுமாங்க?" என்றது ஒரு குரல்.

சத்தமே இல்லை. 'துரைசாமி பாடி பில்டர்ஸ்' போர்டின் கயிறு புகைந்து அறுந்து, போர்டு தரையில் விழுந்தது. இந்தப் பக்கத்திலிருந்து யாரோ பதிலுக்கு அழுத்தினார்கள். எதிரே ஒருவனின் சட்டைத் தோளில் கருவட்டம் விழுந்து அவன் துள்ளினான். அறுபது பேர் நிற்கிறார்கள், பூட்டுகளுக்கு ஒரு ஜோடிக் கண்கூடத் தெரியவில்லை என்பது தெய்வானைக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பாடுபட்டுப் போட்ட அறுபத்திரண்டு பூட்டும் குருடாக இருந்தன.

அவளுக்குப் பக்கத்தில் அர்த்தநாரி, "அக்கா, எழுப்பிருவமா?" என்றான்.

எதை என்று அவள் கேட்கவில்லை. அவன் ஏற்கனவே ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

தெய்வானை இடது வரிசையில் ஓடினாள். முதல் லாரியின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். தகர இமைகள் டணார் என்று தரையில் விழுந்தன. தட்டு அளவுக் கண்கள் இரண்டும் வெயிலில் விழித்தன. அடுத்தது. அதற்கடுத்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், கிரஷர் ஆட்களின் முதுகுக்குப் பின்னால், அர்த்தநாரி லாரி லாரியாகத் தடவிக்கொண்டு போனான். எந்த வண்டியில் கயிறு எங்கே தொங்கும் என்று அவன் கைக்குத் தெரியும். டணார், டணார் என்று இரண்டு பக்கமும் கோவில் மணி போலக் கேட்டது.

கிரஷர் ஆட்களின் எதிரே இடது வரிசைப் பூதங்கள். ஷெட் ஆட்களின் எதிரே வலது வரிசைப் பூதங்கள். பச்சை விளக்கு ஒவ்வொன்றாக அணைந்து, ரோட்டின் இரண்டு ஓரமும் சிவப்பாக எரியத் தொடங்கியது. அழுத்தினார்கள், உதறினார்கள், கால்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதாவது ஒரு பூதம் பார்த்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுப் பின்னால் திரும்பியவன் ஒருவன்தான். நடை, தோள், இடது கையில் பிடிக்கும் பழக்கம் எல்லாம் பார்த்ததுமே தெய்வானைக்குத் தெரிந்துவிட்டது. செங்கோடன். அவன் கையில் நாற்பத்தொன்று. அந்த லேசர் ஆறடி தூரத்தில், கண்ணாடி போடாமல் லாரியைத் தடவிக்கொண்டு வந்த அர்த்தநாரியின் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அந்த ஒன்றில்தான் பூட்டு இல்லை. கையில் இருந்த கயிற்றை இழுத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அர்த்தநாரி நின்றான். ஏதோ தெரிந்தது போலத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினான். ஒரு நொடி. செங்கோடனின் கை கீழே இறங்கியது.

"பூதம் முழிச்சுக்கிச்சுடா சாமி," என்று யாரோ சொன்னார்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று கடைசிவரை தெரியவில்லை. முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு ரோடே சிரித்தது. பல் போனவனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரித்த பிறகு அடிக்க முடியவில்லை. ஆளாளுக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்கள். அந்த டிரைவரைத் தன் காரிலேயே ஏற்றிப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவர் துரைசாமி. போகிற போக்கில், "போர்டையும் கொஞ்சம் தூக்கி வைங்கப்பா," என்று கிரஷர் ஆட்களிடமே சொல்லிவிட்டுப் போனார். அவர்களும் தூக்கி வைத்தார்கள்.

அன்று முதல் பொங்கல்வரை ஷெட்டுகளில் ஒரே பேச்சுதான். பக்கத்து ஊர்களிலிருந்து வந்து தங்கள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பூதம் எழுதித் தரச் சொல்லி அர்த்தநாரியைக் கேட்டார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அவன் எழுதிய பூதத்தின் கண் ஒவ்வொன்றும் வண்டிச் சக்கரம் அளவு. அவன் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு வரைவதை நின்று பார்க்கவே கூட்டம் வந்தது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் செங்கோடன் கடைக்கு வந்தான். லேசரை மேசை மேல் வைத்தான்.

"பூட்டுப் போட்டுக் குடுங்கக்கா."

தெய்வானை அதைக் கையில் எடுத்தாள். சுவரில் இருந்த பூதத்தின் படத்துக்கு நேராகக் காட்டினாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"அன்னிக்கு உனக்கும் செவப்புதான் எரிஞ்சுதுன்னு ஊரே சொல்லுது."

"நாந்தான் அப்படிச் சொன்னனுங்க்கா." அவன் தரையைப் பார்த்தான். "பச்சைதான் எரிஞ்சுது. கோவத்துல வந்தேன். திரும்புனதும் விரல் பொத்தான் மேலதான் இருந்துச்சு."

"பொறவு ஏண்டா எறக்குன?"

"அவன் என்னையப் பாத்தானுங்க்கா."

"அவனுக்குத்தான் நேராப் பாத்தா மூஞ்சி தெரியாதே."

"அதானுங்க்கா. அவன் என்னையப் பாக்கல, எம்பக்கத்துல இருந்த லாரியப் பாத்தான்." செங்கோடன் வாசல் பக்கம் கை காட்டினான். "அவனுக்கு யாரையாச்சும் பாக்கோணும்னா பக்கத்துலதான் பாப்பானாம், கிரஷருக்கு வர்ற ஆளுங்க சொல்லுவாங்க. அதான், என்னையத்தான் பாக்கறான்னு தெரிஞ்சுபோச்சு."

தெய்வானை ஒயரைச் சேர்த்துப் பற்றவைத்தாள். மறுபடி படத்துக்கு நேராகக் காட்டினாள். சிவப்பு. நோட்டை எடுத்து நாற்பத்தோராம் வரிக்கு எதிரே டிக் போட்டாள். பேனா அங்கே கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்துவிட்டது.

கடைக்கு வெளியே அர்த்தநாரி டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பி, எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தான்.

"செங்கோடனா? நல்லா இளைச்சுட்ட போ," என்றான். "உக்காரு. ரெண்டு பேருக்கும் இருக்குது."